இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?

வாங்க சிஸ்டர். ஸ்டாஃப் நர்ஸாக இன்றைக்குத்தான் டியூட்டியில் சேர்ந்திருக்கிறீர்களாம். வாழ்த்துகள். நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்து உடற்கூறியல், மருந்தியல், அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு எல்லாவற்றிலும் பாஸ் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு பாடம் மட்டும் விட்டுப்போயிருக்கும். வாயை எப்போது திறக்கக் கூடாது என்கிற பாடம். அது சிலபஸில் கிடையாது. செய்முறைத் தேர்வு மட்டும் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும்.

முதல் தேர்வு இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்டில் நாற்பது கட்டில், தரையில் பாய் போட்டு இன்னும் பத்துப் பேர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. கவுன்சில் டெல்லியில் இருக்கிறது, வார்டு இங்கே இருக்கிறது. பதினேழாம் கட்டிலில், மதியம் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு நாடித்துடிப்பு 128. சாயங்காலம் 96 இருந்தது. பி.பி. இறங்கிக்கொண்டே போகிறது. யூரின் பையில் இரண்டு மணி நேரமாக ஒரு சொட்டுக்கூடச் சேரவில்லை. நெற்றி சில்லென்று ஈரமாக இருக்கிறது. "என்னமோ ஒரு மாதிரியா வருதும்மா" என்கிறார். வயிற்றுக்குள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள எம்.எஸ். படித்திருக்க வேண்டியதில்லை.

செய்தி இனி மேலே போக வேண்டும். போகும் அழகைப் பாருங்கள்.

நீங்கள் ஹவுஸ் சர்ஜனிடம்: "டாக்டர், பதினேழாம் பெட்டுக்கு உள்ள பிளீட் ஆகுதுன்னு நினைக்கிறேன். உடனே வாங்க."

முந்தா நாளிலிருந்து கண்ணை மூடாத அந்தப் பையன் பி.ஜி.யிடம்: "அக்கா, பதினேழுல பல்ஸ் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. சிஸ்டர் பயப்படறாங்க."

பி.ஜி., அசிஸ்டென்ட் புரொபசரிடம்: "சார், சாரி சார், தூக்கத்துல எழுப்பிட்டேன். பதினேழு, பி.பி. லேசா கம்மி சார். ஃப்ளூயிட் ஓடுது சார்."

அவர்: "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க? காலைல ரவுண்ட்ஸ்ல பார்ப்போம்."

காலை ஏழரைக்கு அவர் சீஃபிடம்: "வார்டு எல்லாம் ஸ்டேபிள் சார்."

வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் நான்கு வாயைத் தாண்டுவதற்குள் 'ஸ்டேபிள்' ஆகிவிட்டது. இந்த அதிசயத்தை எந்த மருந்தாலும் செய்ய முடியாது. படிக்குப் படி பயம் கூடக் கூடச் சொல் மெலிகிறது, அவ்வளவுதான். இந்த நான்கு பேரில் யாரும் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருக்கிறவரின் தூக்கத்தைக் காப்பாற்றினார்கள். நோயாளியைத் தவிர எல்லோரும் நன்றாகப் பராமரிக்கப்பட்டார்கள்.

எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ். கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு. அந்த அம்மா பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார். சீஃப் கேஸ் ஷீட்டைத் தூக்கிப் போடுகிறார். "ஏன் என்னைக் கூப்பிடலை?" ஏ.பி., பி.ஜி.யைப் பார்க்கிறார். பி.ஜி., ஹவுஸ் சர்ஜனைப் பார்க்கிறாள். ஹவுஸ் சர்ஜன் உங்களைப் பார்க்கிறான். நீங்கள் பார்ப்பதற்கு ஆயாம்மா இருக்கிறார், ஆனால் பாவம், அவரிடம் போன் கிடையாது.

"இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?", "ஏன் கூப்பிடலை?" இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில்தான் நம் மருத்துவமனைகளில் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள் என்று எழுதக் கை வருகிறது. புள்ளிவிவரம் கேட்பீர்கள், அதனால் எழுதவில்லை. புள்ளிவிவரம் எப்படி இருக்கும்? கேஸ் ஷீட்டில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்றுதான் எழுதுவார்கள். இதயமும் மூச்சும் நின்றதால் இறந்தார். உலகத்தில் வேறு எப்படி இறக்க முடியும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே சிஸ்டர், முதல் புத்திமதி: எழுதிவிடுங்கள். நர்ஸ் குறிப்பில் 'டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று மணி போட்டு எழுதுங்கள். அவர் தன் பங்குக்கு 'ஸ்டாஃப் நர்ஸுக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதுவார். ஏ.பி. 'தொலைபேசியில் ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதச் சொல்வார். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் ஒரு காலத்தில் கேஸ் ஷீட் இருந்தது. இன்றைக்கு அது ஆளுக்கொரு முன்ஜாமீன் மனு.

இதெல்லாம் நம் ஊர் கோளாறு, வெள்ளைக்காரன் ஊரில் நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2005 மார்ச் 29, இங்கிலாந்தில் ஒரு தனியார் மருத்துவமனை. 37 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் ஆபரேஷனுக்காகப் படுத்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போகவில்லை. மூன்று மூத்த டாக்டர்கள் அறையில் இருந்தார்கள். சாதாரண ஆட்கள் இல்லை, மூவருமே அனுபவசாலிகள். டியூப் போட முயன்றார்கள், மறுபடி முயன்றார்கள், மறுபடியும் முயன்றார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு விழுந்தது. டியூப்பும் போகவில்லை, மூச்சும் கொடுக்க முடியவில்லை என்றால் கழுத்தில் துளை போட்டுக் காற்றை உள்ளே விட வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு நர்ஸ் அதற்கான ட்ரேயை எடுத்து வந்து "ட்ரக்கியாஸ்டமி செட் தயாராக இருக்கிறது" என்று சொன்னார். யார் காதிலும் விழவில்லை. இன்னொருவர் ஐ.சி.யு.வுக்குப் போன் செய்து படுக்கை ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். 'இந்தப் பொண்ணு எதுக்கு இவ்வளவு பதறுது' என்கிற மாதிரி ஒரு பார்வை வந்தது. அவர் திரும்பிப் போய் அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார்.

படுக்கையை ரத்து செய்தாரே, அந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள் சிஸ்டர். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் கண் திறக்கவே இல்லை. 13 நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமான பைலட். அந்த மனிதர் யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. 'என் தொழிலில் இப்படி ஆனால் விசாரிப்போமே, நீங்கள் விசாரிக்க மாட்டீர்களா' என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1977-ல் டெனரிஃப் தீவு ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். முன்னால் இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் இன்ஜினியர் சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன், கம்பெனியின் விளம்பரத்திலேயே படம் வந்த பெரிய மனிதர், விலகியாயிற்று என்று அழுத்திச் சொல்லிவிட்டு, ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்த விமானத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனார். இன்ஜினியர் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கேப்டனை எதிர்த்துப் பேசுவது எப்படி என்று கோ-பைலட்டுக்கும், அதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று கேப்டனுக்கும் விமானக் கம்பெனிகள் வகுப்பெடுக்க ஆரம்பித்தன.

விமானத்தில் இது நடந்ததற்குக் காரணம் பைலட்டுகள் நம் சீஃபுகளைவிடப் பண்பானவர்கள் என்பதல்ல. விமானம் விழுந்தால் கேப்டனும் சேர்ந்து விழுவார். ஆபரேஷன் டேபிளில் அந்த வசதி இல்லை. பதினேழாம் பெட் செத்தாலும் சீஃப் சாயங்காலம் ஐந்து மணிக்கு கிளினிக்கில் உட்காருவார்; டோக்கன் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது.

அடுத்து, செக்லிஸ்ட். உங்களுக்குத் தியேட்டர் போஸ்டிங் வரும்போது ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்தது, 19 கேள்விகள், ஒரே பக்கம். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம், கத்தி வைப்பதற்கு முன்னால் கொஞ்சம், நோயாளியை வெளியே அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம். சரியான ஆளா, சரியான பக்கமா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணிப் பார்த்தாயிற்றா. டெல்லி உட்பட எட்டு ஊர்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். அச்சடித்த காகிதத்தின் விலையில் இதைவிட நல்ல வைத்தியம் கிடைக்காது.

அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகள். ஏறக்குறைய எல்லோருமே ஒழுங்காக நிரப்புகிறோம் என்று கணக்குக் கொடுத்தார்கள். 2014-ல் எண்ணிப் பார்த்தால் இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. அதாவது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் தியேட்டருக்கு வந்திருந்தால் அரைமணி நேரத்தில் காட்டியிருப்போம். நாளைக்குக் காலை நடக்கப்போகும் ஐந்து கேஸுக்கும் இன்றைக்குச் சாயங்காலமே டிக் விழுந்துவிடும். பஞ்சு எண்ணிக்கை உட்பட. பஞ்சே இன்னும் பண்டலைவிட்டு வெளியே வரவில்லை.

அந்தத் தாளில் ஒரு கேள்வி என் மனசுக்குப் பிடித்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். உப்புச்சப்பில்லாத சம்பிரதாயம் மாதிரித் தெரியும். ஒரு தடவை பெயர் சொல்லிப் பேசிவிட்டவருக்கு அடுத்த தடவை வாய் திறப்பது சுலபம் என்பதுதான் அதன் சூட்சுமம். நம் சீஃபிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "இருபது வருஷமா இந்தத் தியேட்டர்ல நிக்கறேன், என் பேர் தெரியாதவன் எவன்?" என்பார். நியாயம்தான். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. இருபது வருடம் நின்றாலும் நீங்கள் அவருக்கு "ம்மா, கத்திரி" தான்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் இதெல்லாம் இருக்காது என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அங்கே என்.ஏ.பி.எச். தரச் சான்றிதழ் இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு வாரம் முன்னால் பூந்தொட்டி வரும், கை கழுவும் ஏழு படிகளைப் படமாக வரைந்த ஸ்டிக்கர் வரும், தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று ராத்திரி டியூட்டி முடிந்து போகிறவரைக்கூட நிறுத்தி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். 'பாதுகாப்புக் குறைபாட்டைத் தைரியமாகத் தெரிவியுங்கள்' என்று ஒரு பெட்டியும் மாட்டுவார்கள். பெட்டிக்கு மேலே சி.சி.டி.வி. இருக்கும்.

சரி, பேசியே தீர்வது என்று ஒருவர் கிளம்பினால்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கதையைச் சொல்கிறேன். அங்கே குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும் பிரிவில், மற்ற ஊர்களில் பிழைக்கும் குழந்தைகள் பிழைக்கவில்லை. ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் தானே கணக்கெடுத்தார். 1990-லேயே தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு சர்ஜன்களில் ஒருவர்மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் மருத்துவ இயக்குநரிடம் போக வேண்டும். மருத்துவ இயக்குநர் யார் என்றால் அந்த சர்ஜனேதான். ஆபரேஷன்கள் 1995 வரை நடந்தன. 2001-ல் வந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மட்டும், எதிர்பார்க்கக்கூடியதைவிட முப்பது முப்பத்தைந்து பேர் அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்றது. 198 பரிந்துரைகளும் கொடுத்தது. போல்சினுக்குப் பிரிட்டனில் எதிர்காலம் இல்லாமல் போயிற்று; குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பேசினவர் கடல் தாண்டிப் போன பிறகுதான் அவர் பேசினது சரி என்று அறிக்கை வந்தது.

அவர் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், விமானம் ஏறிப் போக முடிந்தது. நீங்கள்? தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி 2015-ல் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தவர்களுக்கு மாசம் 7,700 ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். பக்கத்து ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் அதைவிட அதிகம் வாங்குவார். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலையில் வைத்திருக்கிற ஒருத்தியிடம், ராத்திரி இரண்டு மணிக்கு சர்ஜனைக் கையைப் பிடித்து நிறுத்து என்று எதிர்பார்க்கிறோம். அமெரிக்காவில் இதற்கென்றே வாக்கியங்கள் சொல்லிக்கொடுக்கிறார்களாம்: எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை, இது நோயாளியின் உயிர் விஷயம், நிறுத்துங்கள். நம் வார்டில் இதையெல்லாம் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்வோம்: "சார்... பார்த்துட்டீங்களா சார்?"

இப்போது கொஞ்சம் கேலியை நிறுத்துகிறேன்.

2018 டிசம்பர் 3-ஆம் தேதி, சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்தவர் இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன். 2016-லேயே அவர் ஒரு தடவை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்துவிட்டது. அதாவது அரசாங்கத்துக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது. இரண்டு வருடம் அந்தச் செய்தி ஒரு ரிஜிஸ்டருக்குள் படுத்துக் கிடந்தது. இரண்டாவது தடவை அவர் கொடுத்த ரத்தமும் 'பாதுகாப்பானது' என்று சீல் வாங்கிக்கொண்டு வெளியே போயிற்று.

வெளிநாட்டு வேலைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யப் போனபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்? ரத்த வங்கிக்குத் தானே சொன்னார்: நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

இந்தக் கதையில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அதிகாரிகள் இருக்கிறார்கள், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு தனி அமைப்பு இருக்கிறது, லேப் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது, கவுன்சிலிங் அறை இருக்கிறது. ஒரு செய்தியை, போய்ச் சேர வேண்டிய ஆளிடம், உடனே, மறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எந்தப் பயிற்சி வகுப்பிலும் உட்காராதவர், எந்தப் பதவியிலும் இல்லாதவர், அந்தச் செய்தியால் தன் மானம் போகும் என்று தெரிந்தும் சொன்னவர். அந்த மாதமே அவர் விஷம் குடித்தார். டிசம்பர் 30-ஆம் தேதி மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனார்.

துறை என்ன செய்தது? லேப் டெக்னீஷியன்கள் மூன்று பேர்மேல் நடவடிக்கை. ஃபைல் க்ளோஸ். தொற்று இருக்கிறவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டிய மேசைகள் எத்தனை, அதில் எத்தனை நாற்காலி காலி, உட்கார்ந்திருந்தவர் கண்ணை எங்கே வைத்திருந்தார், இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். டெக்னீஷியன் என்றால் சௌகரியம். ஒரே கவரில் மூன்று மெமோ போட்டு அனுப்பலாம்.

2022 நவம்பரில் சென்னையில் இன்னொன்று. வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுப் பெண், கால்பந்து ஆடுகிறவள், ராணி மேரிக் கல்லூரி மாணவி. முழங்கால் ஜவ்வு கிழிந்து பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு போட்ட இறுக்கமான கட்டால் காலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது. ராஜீவ் காந்தி மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். 15-ஆம் தேதி அவள் இறந்தாள். இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட், போலீஸ் கேஸ், நிவாரணத் தொகை, சகோதரருக்கு வேலை.

சிஸ்டர், கட்டுப் போட்ட காலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் பாதம் சில்லென்று இருக்கக் கூடாது. விரலை ஆட்டச் சொன்னால் ஆட்ட வேண்டும். மருந்துக்கு அடங்காமல் வலி வலி என்று கத்தினால் அது நடிப்பு இல்லை. ஸ்கேன் வேண்டாம், மெஷின் வேண்டாம். இரண்டு விரலும் ஒரு கடிகாரமும் போதும். இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கட்டை அங்கேயே தளர்த்த வேண்டும். எந்த வார்டில், எந்த உத்தரவின் கீழே, யாரையும் எழுப்பாமல், யாரிடமும் திட்டு வாங்காமல், சர்ஜன் போட்ட கட்டை வெட்டிவிட ஒரு நர்ஸுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்? சஸ்பெண்ட் உத்தரவைப் புரட்டிப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்காது. சஸ்பெண்ட் செய்வது சுலபம், மறுநாள் பேப்பரில் வரும். அதிகாரத்தைக் கீழே இறக்கிக் கொடுப்பதற்கு எந்த டிவியும் கேமரா அனுப்பாது.

தப்பு செய்தவரே ஒப்புக்கொண்டால் மன்னிப்பார்களா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் 2017 டிசம்பரில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், மனசைச் சாந்தப்படுத்தும் மருந்துக்குப் பதிலாகத் தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்தை எடுத்துப் போட்டுவிட்டார். நோயாளி இறந்தார். மருந்து அலமாரி மெஷினின் எச்சரிக்கையைத் தாண்டித்தான் அதை எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் அங்கே மெஷினைத் தாண்டாமல் அன்றாட வேலை ஓடவில்லை என்றும் வழக்கில் பேச்சு வந்தது. அவர் தன் தவற்றை உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ சவப்பரிசோதனை அதிகாரியிடம் மருந்து மாறிய விஷயத்தை வாய் திறக்கவில்லை, குடும்பத்தோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 2022-ல் கோர்ட்டில் நர்ஸ் குற்றவாளி. மருத்துவமனைமேல் கிரிமினல் வழக்கே கிடையாது. உண்மை பேசினவருக்குத் தண்டனை, மௌனம் காத்தவருக்கு ஒன்றும் இல்லை. உலகம் பூராவும் ஒரே பாடத்திட்டம்தான் சிஸ்டர், பாஷைதான் வேறே.

நம் ஆஸ்பத்திரிகளில் தெளிவாக, குழப்பமில்லாமல், கொட்டை எழுத்தில் சொல்லப்படும் ஒரே செய்தி எது என்று யோசித்துப் பார்த்தேன். வாசலில் இருக்கும் போர்டு. தமிழ்நாடு அரசு சட்டம் 48/2008-ன்படி மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கினால் மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. தாக்குவது தப்புதான், அதிலும் அடி விழுவது பெரும்பாலும் அந்த ராத்திரி தூங்காத ஹவுஸ் சர்ஜன் பையன்மேல்தான், சீஃப்மேல் விழுவதில்லை. ஆனால் ஐந்து மணி நேரம் வெளியே உட்கார வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், 'சீரியஸ்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களே, அந்த உறவினருக்கு எந்தச் சட்டத்தின் கீழ் யார் பதில் சொல்வார்கள் என்று அந்த போர்டில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இடம் இருக்கிறது, பார்த்தேன்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. செப்டம்பர் 17 உலக நோயாளிகள் பாதுகாப்பு தினம். 2019-லிருந்து கொண்டாடுகிறோம். அதற்கு நிறம் ஆரஞ்சு. ஆரஞ்சு ரிப்பன், ஆரஞ்சு பலூன், 'பேசுவோம், பாதுகாப்போம்' மாதிரி ஒரு வாசகம் போட்ட ஃபிளெக்ஸ், அதில் மேலிருந்து கீழாக அமைச்சர், செயலாளர், இயக்குநர், டீன் படங்கள். நர்ஸுகளுக்குக் கோலப் போட்டி உண்டு. நைட் டியூட்டி முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று சர்க்குலர் வந்துவிட்டது. தலைப்பு, 'குழுவாக உரையாடுவோம்'. பரிசு கொடுக்க டீன் பதினொன்றரைக்கு வருவார், பன்னிரண்டரையும் ஆகலாம். அதுவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, பேசவும் கூடாது.